ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் சஸ்பென்ஷன் வேலை வீட்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1961 முதல் தயாரித்த கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரயம்ப் ஹெரால்டின் தம்பி. கீழே தனி சேஸிஸ், 948 சிசி எஞ்சின், முன்னே காயில் ஸ்பிரிங், பின்னே குறுக்காகப் படுத்திருக்கும் ஒற்றைக் கமான் பட்டை (எஃகு இலைகளின் அடுக்கு), நாலு சக்கரமும் தனித்தனியாக ஆடும். அந்தக் காலத்து இந்திய ரோட்டில் இப்படி ஒரு அமைப்பு அபூர்வம். இன்றைக்கு வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த சஸ்பென்ஷனைப் பற்றியதுதான்.

ஹெரால்ட் வளைவில் பயமுறுத்துகிறது. முதலில் எதை மாற்றுவது?

எதையும் மாற்ற வேண்டாம். முதலில் தேய்ந்ததைச் சரி செய்யுங்கள்.

நான் பார்த்த வரையில் "சஸ்பென்ஷன் சரியில்லை, மாடிஃபை பண்ணணும்" என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது மாடிஃபிகேஷனே இல்லை. ஐம்பது அறுபது வருஷத்து ரப்பர் புஷ் பிஸ்கட் மாதிரி உடைந்திருக்கும். பின் ஷாக் அப்சார்பர் பெயருக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். டயர் நாலும் நாலு வயதில் இருக்கும். ஆக்சிலின் யுனிவர்சல் ஜாயின்ட் கியர் போடும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினால், புதிய பாகத்தின் குறையா பழைய தேய்மானமா என்றே கண்டுபிடிக்க முடியாது.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங், மேலே உள்ள பால் ஜாயின்ட், கீழே உள்ள டிரன்னியன் (சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனை திருகி உட்காரும் வெண்கலப் பாகம்) என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் ஜாயின்ட் அல்லது டிரன்னியன். இந்த ஒரு சோதனை ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பின்சக்கரம் உள்பக்கம் மடங்குகிறது என்கிறார்களே, அது என்ன?

இந்த வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில் அமைப்பு. எஞ்சினின் இழுவையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்ந்து அசையாமல் இருக்கும். அதன் இரு பக்கமும் ஒரு ஜாயின்ட், அதிலிருந்து ஆக்சில், ஆக்சில் முனையில் சக்கரம். ஜாயின்ட் உள்பக்கம் மட்டும்தான், சக்கரத்தின் பக்கம் ஜாயின்ட் கிடையாது. அதனால் சக்கரம் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் ஆக்சிலோடு சேர்ந்து சாயும். கதவு கீலில் திரும்புவது போல. சக்கரம் மேலே போனால் அதன் தலை உள்பக்கம் சாய்கிறது. கீழே இறங்கினால் தலை வெளியே தள்ளி, அடிப்பாகம் உள்ளே மடங்குகிறது.

இப்போது வேகமாக ஒரு வளைவில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல்தான் பாரம். ரோடு அந்த டயரை உள்பக்கமாகத் தள்ளுகிறது. தள்ளும் இடம் தரையில், ஜாயின்ட் இருப்பதோ அதைவிட உயரத்தில். அதனால் அந்தத் தள்ளலில் ஒரு பகுதி வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்கிவிடுகிறது. தூக்கத் தூக்க சக்கரம் மேலும் மடங்கும், மடங்க மடங்க மேலும் தூக்கும். இந்த நேரம் பார்த்து பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக் அடித்தாலோ பாரம் முன்னே போய்விடும், பின்பக்கம் இன்னும் எழும்பும். டயர் ஓரத்தில் நிற்கிறது, பிடிமானம் போய்விடுகிறது, வால் வெளியே வீசும்.

ஆகவே இந்த வண்டியில் பின்பக்கத்தை உயர்த்தும் எந்த வேலையும் ஆபத்தை நோக்கிப் போகிற வேலை. பின்பக்கத்தை இறுக்கமாக்குவதும் அப்படியே, ஏனென்றால் இறுகிய பட்டை வெளிச்சக்கரத்தின் மேல் இன்னும் அதிகப் பாரத்தை ஏற்றுகிறது. கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

கமான் பட்டை தளர்ந்துவிட்டது. மெக்கானிக் கூடுதலாக ஒரு இலை சேர்க்கலாம் என்கிறார். சேர்க்கலாமா?

கூடாது. லாரிக்கும் அம்பாசடருக்கும் செய்து பழகிய கை அது. அந்த வண்டிகளில் பின் ஆக்சில் ஒரே துண்டு, பட்டை எவ்வளவு தடித்தாலும் சக்கரம் நேராகத்தான் நிற்கும். ஹெரால்டில் ஒரு இலை கூட்டினால் பின்பக்கம் எழும்பி, சக்கரங்கள் எப்போதும் கால் மடக்கியபடியே நிற்கும். காலி வண்டியில் தனியாக ஓட்டிப் போகும்போதுதான் விஷயம் மோசமாகும். நாலு பேர் உட்கார்ந்தால் ஓரளவு சரியாகிவிடுவதால், பட்டை போட்டவருக்கே குறை தெரியாது.

தளர்ந்த பட்டையைப் பட்டறையில் கொடுத்துப் பழைய வளைவுக்குத் திரும்ப வளைத்து வாங்கலாம், ஆனால் பழைய வளைவு எவ்வளவு என்று தெரிந்தால் மட்டும். குத்துமதிப்பாக வளைத்தால் உயரமாகத்தான் வரும், பட்டறைக்காரர்களுக்கு அதிக வளைவு கொடுத்தால்தான் வேலை செய்த மாதிரி இருக்கும். இலைகளுக்கு இடையே உள்ள தேய்ந்த துண்டுகளை மாற்றி, துருவைச் சுரண்டி எடுத்தாலே பல பட்டைகள் திரும்ப வேலை செய்யத் தொடங்கிவிடும். இலைகள் ஒன்றோடொன்று வழுக்க வேண்டும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட பட்டை எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கலாமா?

இறக்கலாம், இந்த வண்டியில் வீட்டில் செய்யக்கூடிய மாற்றங்களில் பயனுள்ளது இது. பட்டை டிஃபரன்ஷியலின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே ஒரு அலுமினியக் கட்டையை வைத்தால் பட்டை மேலே போகும், பட்டை முனைகளோடு சக்கரங்களும் சேஸிஸைப் பொறுத்து மேலே போகும், அதாவது வண்டி கீழே இறங்கும். சக்கரத்தின் தலை லேசாக உள்பக்கம் சாய்ந்து நிற்கும், வளைவில் மடங்குவதற்கு முன்னால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பட்டையை டிஃபரன்ஷியலோடு பிடிக்கும் மரைக் கம்பி, அதாவது ஸ்டட், நீளமாக வேண்டும். பழைய ஸ்டட்டிலேயே நட்டை நாலு மரைக்கு மாட்டி விடுவது தற்கொலைக்குச் சமம்.

எவ்வளவு இறக்குவது? அழகுக்காக இறக்குகிறவர்கள் கேட்க மாட்டார்கள், ஆனால் ஒரு அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள் என்பேன். நம் ரோட்டில் வேகத்தடை இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெதுவான மேடாக இருக்க வேண்டும். தெருவில் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டு வைக்கும் மேட்டுக்கு அந்த விதி தெரியாது. சைலன்சர் பைப்பும் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளும்தான் முதலில் அடி வாங்கும்.

இன்னொன்று: ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் உயரத்தை அளக்காதீர்கள். தொங்கியிருந்த பின்சக்கரங்கள் அப்போதும் உள்ளே மடங்கியபடிதான் நிற்கும். வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை நாலு தடவை அமுக்கிவிட்டு அளக்க வேண்டும். முன்சீட்டில் இரண்டு பேர் எடை, ஆளுக்குச் சுமார் 70 கிலோ, இருக்கும்போது அளப்பது சரியான முறை. அரிசி மூட்டை போதும்.

ஸ்விங் ஸ்பிரிங் என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. டிரயம்ப் நிறுவனமே 1970-இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் கொண்டுவந்த தீர்வு. சாதாரணப் பட்டையில் எல்லா இலைகளும் டிஃபரன்ஷியலின் மேல் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். ஸ்விங் ஸ்பிரிங்கில் ஒரு இலை மட்டும் அப்படி, மற்றவை நடுவில் ஒரு அச்சில் தராசுபோல் சாய முடியும். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பள்ளத்தில் இறங்கினால் பட்டை வழக்கம்போல் தாங்கும். வண்டி ஒரு பக்கம் சாயும்போது மட்டும் பின்பக்கம் இளகிக் கொடுக்கும். பின்பக்கத்து வெளிச்சக்கரத்தின் பாரம் குறைவதால் தூக்கிவிடும் வேலையும் குறைந்துவிடுகிறது.

பின்பக்கம் சாய்வைத் தடுக்காவிட்டால் வண்டி கப்பல் மாதிரி ஆடுமே? ஆடும். அதனால்தான் கூடவே முன்பக்கத்து ஆன்டி ரோல் பாரை (வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் குறுக்குக் கம்பி) தடிமனானதாக மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதி. ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு, பாருக்கு அடுத்த மாசம் பார்க்கலாம் என்று ஓட்டாதீர்கள். டிஃபரன்ஷியல் தலையில் உள்ள ஸ்டட்கள் உங்கள் வண்டியில் எங்கெங்கே இருக்கின்றன என்று அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். என் கணக்கில், காசு இருந்தால் ஹெரால்டில் செய்ய வேண்டிய ஒரே பெரிய மாற்றம் இதுதான்.

குறுக்குப் பட்டையை வீட்டிலேயே கழற்ற முடியுமா?

முடியும், ஆனால் தனியாக வேண்டாம். பட்டையின் முனைகளில் சக்கரத்தின் நிமிர்ந்த தாங்கி போல்ட்டில் தொங்குகிறது. அந்த போல்ட்டை உருவும் நேரத்தில் பட்டையில் இழுவை மிச்சம் இருந்தால் எகிறும். அதனால் சேஸிஸை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, ஒரு பக்கத்துத் தாங்கியின் அடியில் டிராலி ஜாக்கி கொடுத்து, பாரத்தை ஜாக்கி வாங்கிக்கொண்ட பிறகே ஷாக் அப்சார்பரைக் கழற்ற வேண்டும். சக்கரம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதைப் பெருமளவு அந்த ஷாக்தான் தடுத்து நிறுத்துகிறது, அதை எடுத்தால் எல்லாம் கீழே போகும். பிறகு மெதுவாக ஜாக்கியை இறக்கி, பட்டை முழுதும் தளர்ந்ததைப் பார்த்துவிட்டு போல்ட்டில் கை வையுங்கள். பிரேக் ஹோஸில் இழுவை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஃபரன்ஷியலின் மேல் உள்ள நட்களை எட்ட, பின்சீட்டை எடுத்தால் ஒரு மூடி தெரியும், அதைத் திறந்தால் வழி கிடைக்கும்.

முன் காயில் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்கலாமா? சூடு காட்டினால் இறங்கும் என்கிறார்களே?

சூடு காட்டினால் இறங்கும்தான். ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடுவதால் இறங்குகிறது, அதற்கப்புறமும் இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் ஒடியும். வேண்டாம்.

வெட்டுவது அதைவிடப் பரவாயில்லை, ஆனால் ஹெரால்டில் அதுவும் சரிப்படாது. ஸ்பிரிங்கின் இரு முனையும் தட்டில் சமமாக உட்காரும்படி வளைக்கப்பட்டிருக்கும். வெட்டிய முனை அப்படி உட்காராது. தவிர, சுற்றுக் குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், சக்கரம் தொங்கும்போது அது தன் இடத்திலிருந்து நழுவவும் வாய்ப்புண்டு. குட்டையான ஸ்பிரிங் தயாராகவே கிடைக்கும்போது ஹேக்ஸா பிளேடை எடுக்க என்ன அவசியம்?

முன் ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் எப்படிக் கழற்றுவது?

இரண்டும் சேர்ந்து ஒரே உருப்படியாக வெளியே வரும். பானட்டைத் தூக்கினால் (ஹெரால்டின் பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழும், இந்த வேலைக்கு இதைவிட வசதியான கார் கிடையாது) மேலே கோபுரத்தில் மூன்று நட் தெரியும். நடுவில் பெரிதாக ஒன்று. நடு நட்டைத் தொடாதீர்கள். அதுதான் அழுந்திய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. சுற்றிலும் உள்ள மூன்றை மட்டும் எடுத்து, கீழே உள்ள போல்ட்டை உருவினால் முழு யூனிட்டும் கையில் வந்துவிடும்.

அதன் பிறகு ஸ்பிரிங்கைப் பிரிக்க வேண்டும் என்றால் கம்ப்ரஸர் கட்டாயம். வாடகைக்கு எடுங்கள், அல்லது யூனிட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் கொடுத்துப் பிரித்து வாங்குங்கள். கயிற்றைக் கட்டி, கட்டையை முட்டுக் கொடுத்து நட்டைக் கழற்றும் வித்தை எல்லாம் வேண்டாம்.

டிரன்னியனுக்கு கிரீஸா, ஆயிலா?

ஆயில். டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் அதே 90 நம்பர் ஆயில். கிரீஸ் அடிக்கக் கூடாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஹெரால்டில் சக்கரம் கழன்று வண்டி தரையில் உட்காரும் சம்பவங்களுக்கு முக்கியக் காரணம் இங்கே இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும், அது வெண்கல டிரன்னியனுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது, வண்டியின் பாரமும் அதன் வழியாகத்தான் போகிறது. கிரீஸ் கெட்டியானது, மரையின் அடிவரை இறங்காது, நாளாக ஆகக் காய்ந்து கட்டியாகி வழியை அடைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் தங்கும். வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகாது, இரும்புத் தண்டு துருப்பிடித்து மரையின் ஓரத்தில் அரிக்கும், பிறகு ஒரு நாள் ஒடியும். பெரும்பாலும் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ஒடிகிறது என்பது அதிர்ஷ்டம். தாம்பரம் பைபாஸிலும் ஒடியலாம்.

மெக்கானிக் கிரீஸ் கன்னோடு வருவார். வண்டியில் நிப்பிள் இருந்தால் அவர் கை தானாகவே கிரீஸ் அடிக்கும், குற்றம் சொல்ல முடியாது. ஒரு பழைய கிரீஸ் கன்னைச் சுத்தமாகக் கழுவி ஆயில் ஊற்றி, "ஹெரால்ட் டிரன்னியன் மட்டும்" என்று எழுதித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கன் ஒழுகும், கையெல்லாம் ஆகும், பரவாயில்லை. டிரன்னியனின் மேல் ஓரத்தில் ஆயில் கசியும் வரை அடியுங்கள். தொழிற்சாலைக் கையேடு 6,000 மைலுக்கு ஒரு தடவை என்றது, இன்றைக்கு வருஷத்துக்கு அவ்வளவு தூரம் யாரும் ஓட்டுவதில்லை. கிலோமீட்டரைப் பார்க்காமல் மழைக்காலத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது.

புதிதாக மாட்டும்போது: இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர், பார்த்து வாங்குங்கள். தண்டை முழுதாகத் திருகி இறக்கிவிட்டு, சக்கரம் இரு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்கு, அதிகம் போனால் ஒரு சுற்று, பின்னால் விடுங்கள். முட்டிக்கொண்டு நிற்கும் மரையோடு ஓட்டினால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது தண்டுக்கு ஆபத்து.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா?

முன் விஷ்போன்களில் (முன்சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கைகள்) போடலாம், ஸ்டியரிங் கொஞ்சம் கூர்மையாகும். மாட்டும்போது கூடவே தரும் தனி கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள், இல்லாவிட்டால் கிறீச்சிடும். தினமும் குண்டு குழியில் போகும் வண்டிக்கு நல்ல தரமான ரப்பரே போதும் என்பது என் கட்சி.

ரப்பர் புஷ் போடுகிறவர்களுக்கு ஒன்று. போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது வண்டி சக்கரத்தின் மேல் தன் எடையோடு நிற்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கிய நொடியே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். புதுப் புஷ் ஆறு மாசத்தில் கிழிந்துவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இப்படி இறுக்கியவர்கள்தான்.

வேறு காரின் கேஸ் ஷாக் பின்னால் பொருந்துமா?

ஷாக்கின் முனையில் உள்ள வளையம், அதாவது கண், பொருந்துவது பெரிய விஷயமில்லை, லேத்தில் ஒரு புஷ் கடைந்தால் பொருந்திவிடும். நீளம்தான் பார்க்க வேண்டியது. முழுக்க விரிந்த நீளம், முழுக்க அழுந்திய நீளம் இரண்டையும் உங்கள் பழைய ஷாக்கில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். விரிந்த நீளம் அதிகமானால் சக்கரம் வேண்டியதைவிடக் கீழே இறங்கும், மடங்கும் கோணமும் கூடும். அழுந்திய நீளம் அதிகமானால் பள்ளத்தில் ஷாக்கே முட்டுக்கட்டையாகிவிடும். உயர் அழுத்த கேஸ் ஷாக் வண்டியை லேசாகத் தூக்கவும் செய்யும், பின்பக்கம் தூக்குவது நமக்கு ஆகாது என்று மேலே பார்த்தோம்.

டயர்?

145/80 R13 அல்லது 155/80 R13 ரேடியல், நாலும் ஒரே வகை. பழைய கிராஸ்பிளை டயரோடு ரேடியலைக் கலக்காதீர்கள். ஓட்டாமலேயே நின்ற டயர் பட்டன் தேயாமல் புதிதாகத்தான் தெரியும். பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்.

பின் ஹப்பை நானே கழற்றலாமா?

வேண்டாம். கூம்பு வடிவ ஆக்சில் முனையில் ஹப் அவ்வளவு இறுக்கமாக ஏறியிருக்கும். அதற்கென்று கனமான தனிப் புல்லர் இருக்கிறது. சாதாரண மூன்று கால் புல்லர் ஹப்பின் விளிம்பை வளைத்துவிடும், சுத்தியல் பேரிங்கையும் ஜாயின்ட்டையும் கெடுக்கும். அதைவிடப் பெரிய கவலை, ஆக்சில் இந்த இடத்தில்தான் விரிசல் விட்டு ஒடியும். ஒடிந்தால் சக்கரம் தனியாகப் போய்விடும். ஹப் கழன்ற சமயத்தில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்துப் பார்க்கும் விரிசல் சோதனையைச் செய்துவிடுங்கள், அதற்கான ஸ்பிரே வெல்டிங் சாமான் கடைகளிலேயே கிடைக்கும்.

என்னென்ன கருவி வேண்டும்?

மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் இதற்கு ஆகாது. இது அங்குலக் கணக்கு வண்டி, 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள்தான் அதிகம் ஓடும். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் 1/2 நட்டில் உட்காரும், உட்கார்ந்து முனையைத் தின்னும். நாலு நல்ல ஸ்டாண்ட், டிராலி ஜாக்கி, டார்க் ரெஞ்ச். செங்கல் அடுக்கி அதன் மேல் காரை நிறுத்திவிட்டு அடியில் படுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். செங்கல் எச்சரிக்கை கொடுக்காமல் பொடியும். நைலான் வளையம் உள்ள நட்களைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

அலைன்மென்ட் கடையில் ஹெரால்டின் விவரம் கம்ப்யூட்டரில் இல்லை என்கிறார்கள்.

இருக்காதுதான். கையேட்டின் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். எண்களைப் பார்த்துக் கையாலேயே சரி செய்வார்கள். முன்சக்கரச் சாய்வு கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள தகடுகளைக் கூட்டிக் குறைத்து வைப்பது, கழற்றும்போதே எந்த இடத்தில் எத்தனை தகடு என்று எழுதி வையுங்கள். பின்சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் உண்டு என்பதை நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பின்சக்கரத் தாங்கியிலிருந்து முன்னோக்கிப் போகும் ரேடியஸ் ஆர்ம் என்ற கையின் முனையில் அதே மாதிரி தகடுகள் இருக்கும். வண்டி ஒரு பக்கமாக நண்டு நடை நடந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

இப்படி மாற்றினால் ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த புஷ்ஷுக்குப் புதுப் புஷ் போடுவது பழுதுபார்ப்பு. சேஸிஸை வெட்டி ஒட்டுவது மாற்றம். நடுவில் இருப்பவற்றுக்கு, போல்ட்டைக் கழற்றினால் வண்டி பழைய நிலைக்குத் திரும்புமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தில் இப்படி ஒரு அளவுகோல் எழுதியில்லை, இது என் யோசனை மட்டும்.

ஹெரால்டுக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார்களை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். எண்ணில் 'விஏ' என்ற எழுத்து வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தப் பதிவுக்குத் தகுதி போய்விடும். அதே சமயம் அந்தப் பதிவு வாங்கினால் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை ஓட்டிவிட்டு வர ஆசைப்படுகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

ஸ்டாண்டர்ட் கெசல் காரின் பின் ஆக்சிலை ஹெரால்டில் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

1972-இல் கெசல் வந்தபோது ஸ்டாண்டர்ட் நிறுவனமே ஸ்விங் ஆக்சிலைக் கைவிட்டு ஒரே துண்டு ஆக்சிலுக்கு மாறியது. நம் ஊர் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பழைய அமைப்பு பிடிக்கவில்லை. ஆனால் அதை ஹெரால்டில் ஏற்ற சேஸிஸில் புதிதாகத் தாங்கிகள் வெல்டிங் செய்ய வேண்டும், விண்டேஜ் தகுதி அதோடு போச்சு. அந்த வேலைக்கு ஒரு கெசலையே வாங்கிவிடலாம்.

இதே பதில்கள் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பொருந்துமா?

ஜாக்கி, புஷ், ஸ்பிரிங் வெட்டுவது பற்றியவை பொருந்தும். பின்பக்கம் பற்றியவை பொருந்தாது. அவை இரண்டிலும் பின்னே ஒரே துண்டு ஆக்சில், நீளவாக்கில் இரண்டு கமான் பட்டை, சக்கரம் மடங்கும் பேச்சே இல்லை. அம்பாசடரின் முன்னால் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி இருக்கும், அதன் உயரத்தைச் சரி செய்வது முற்றிலும் வேறு வேலை.

பாகங்கள் எங்கே கிடைக்கும்? லேத்தில் செய்து வாங்கலாமா?

பேரிங், ஆயில் சீல், ரப்பர் சாமான் போன்றவை சென்னையில் ஜி.பி. ரோட்டில் அளவைச் சொல்லிக் கேட்டால் கிடைத்துவிடும். புதுப்பேட்டையில் பழைய பாகம் கிடைத்தாலும் கிடைக்கும், ஆனால் டிரன்னியன் தண்டு, ஆக்சில் மாதிரி ஒடிந்தால் உயிருக்கு ஆபத்தான எதையும் அங்கே வாங்கி அப்படியே மாட்டாதீர்கள். இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்ட் மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது, டிரயம்பின் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜிடி6 கார்கள் எல்லாம் இதே அடித்தளம். அதனால் அங்கே சஸ்பென்ஷன் பாகங்கள் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. சுங்கத் தீர்வையையும் கூரியர் செலவையும் சேர்த்தால் பாகத்தின் விலை இரண்டு மடங்காவது ஆகும். நாலைந்து ஹெரால்ட்காரர்கள் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைப்பது வழக்கம்.

லேத்தைப் பொறுத்தவரை என் எல்லைக்கோடு இதுதான்: ஸ்பேசர், புஷ்ஷின் உள்குழாய், அலுமினியக் கட்டை இவற்றைத் தாராளமாகக் கடைந்து வாங்கலாம். வெண்கல டிரன்னியனை, நல்ல பாஸ்பர் வெண்கலமும் மரை அளவு தெரிந்த கையும் கிடைத்தால், செய்து வாங்கலாம். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டைச் செய்து வாங்கக் கூடாது, வெல்டிங் வைத்து ஒட்டவும் கூடாது. பட்டறைக்காரர் எவ்வளவு தைரியம் சொன்னாலும் சரி.